பியர் கெக் (பியர் பீப்பாய்) வைக்கும் குளிர்பெட்டியை வீட்டிலேயே கட்டலாமா? எத்தனை அங்குலம் போம் போட வேண்டும்?

கட்டலாம். நான்கு அங்குலம் போடுங்கள், அதற்குக் குறைக்காதீர்கள். கனடாவில் பேஸ்மென்டில் பார் அமைப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் பழைய பிரிட்ஜ் ஒன்றின் மோட்டாரை வைத்துத்தான் யோசிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கட்டியது கெக்குக்கு இல்லை, கள்ளுக் கானுக்கு. இலங்கையில், முல்லைத்தீவுப் பக்கம் புதுக்குடியிருப்பில், 2022இல். கள்ளும் பியரும் ஒன்றா என்று சிலர் கேட்பீர்கள். பெட்டிக்குள் சூடு வருகிற வழி இரண்டுக்கும் ஒன்றுதான்.

அப்பா சீவல் தொழிலாளி. காலையில் இறக்கிய கள்ளு பின்னேரம் தவறணையில், அதாவது கள்ளுக்கடையில், விற்று முடிவதற்குள் வெயிலில் புளித்துவிடும். மாமா வீட்டுப் பிரிட்ஜில் ஒரு கானை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தோம். அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அதோடு அதுவும் போச்சு.

சரி என்று பலகைக்கு நடுவே ஒரு அங்குல ரெஜிபோம் (தெர்மோகோல்) வைத்து ஐஸ்பெட்டி ஒன்று அடித்தேன். முதலில் நல்லாத்தான் இருந்தது, பிறகு இரவு போட்ட ஐஸ் விடியும் முன்னமே கரையத் தொடங்கியது. அடிப்பலகையைக் கழற்றினால் போமுக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீர் தேங்கி நிற்கிறது, பலகையின் உட்பக்கம் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம், போமை விரலால் அழுத்த ஈரத்தோடு மணிமணியாக உதிர்கிறது. வெளிக்காற்றில் இருக்கிற ஈரம் இடுக்குகளால் உள்ளே போய், குளிர்ந்த இடத்தில் தண்ணீராகிவிடுகிறது. நனைந்த போம் சூட்டை மறிக்காது.

அதனால் இரண்டாவது பெட்டியில் பொலித்தீனைப் போமின் வெளிப்பக்கம், அதாவது சூடான பக்கம் சுற்றினேன். இரண்டு அங்குலத் தகடு இரண்டை, ஒன்றின் மூட்டு மற்றதன் மூட்டோடு சேராதபடி வைத்து, எல்லா மூட்டுக்கும் சிலிக்கன் அடித்தேன். ஒரு சுவருக்குப் போம் வாங்கக் காசு போதவில்லை. மில்லில் சும்மா கிடந்த உமியைக் காயவைத்து, பொலித்தீன் உறையில் ஆறு அங்குலத்துக்கு இறுக்கி அடைத்தேன். சிரிக்க வேண்டாம், அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் சொந்தக்காரர் கலியாணத்தில் பியர் ஐஸ் வாளிகளில் முன்னுக்கே இருந்தது, அப்பா ஆசையாய்க் கொண்டுபோன கானைப் பின்பக்கம் வைக்கச் சொன்னார்கள். போரில் ஷெல் விழுந்து தலை போன பனை, பங்கருக்குத் தறித்த பனை போக மிஞ்சினதில் ஏறி இறக்கின கள்ளு அது. அவர் அன்று சாப்பிடாமலே வந்துவிட்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

உங்கள் விசயத்துக்கு வருகிறேன். பெரிய கெக் நிரம்பினால் 70 கிலோவுக்கு மேல், அடியில் வெறும் போம் மட்டும் இருந்தால் நசியும், மேலே தடித்த பலகை போடுங்கள். மோட்டாரின் சூடு வெளியேற வழி விடுங்கள், பாருக்குள் அடைத்து வைத்தால் அது ஓயாமல் ஓடும். உள்ளே 3, 4 பாகை செல்சியஸ் போதும். பியர் ஊற்றுகிற குழாய்க்குப் போகிற பைப்பையும் குளிர வையுங்கள், இல்லாவிட்டால் முதல் கிளாஸ் நுரைதான் என்று ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா சொல்லுவார். கதவுக்குப் பழைய பிரிட்ஜ் றப்பர் போடுங்கள். போட்ட பிறகு ஒரு கடதாசியை நடுவே வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள், லேசாக வந்தால் அந்த இடத்தில் றப்பர் பிடிக்கவில்லை. நாலு பக்கமும் பாருங்கள்.