மாலத்தீவில் படகிலேயே தங்கி ஸ்கூபா: எந்தப் படகைப் பிடிப்பது?

நானும் நண்பரும் மே மாதம் கோவையிலிருந்து மாலத்தீவு போய், ஏழு இரவு படகிலேயே தங்கி டைவ் அடிக்கலாம் என்றிருக்கிறோம், ஓபன் வாட்டர் என்ற முதல் கட்டப் பயிற்சி முடித்து ஒன்பது டைவ் ஆகியிருக்கிறது, மேல்தளத்தில் ஜக்கூசி இருக்கும் படகு ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம், அதையே பதிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜக்கூசி என்ற சொல்லைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். என்னுடைய முதல் படகை நானும் அதைப் பார்த்துத்தான் பிடித்தேன். ஏழு நாளில் ஒரு நாள்கூட அதில் தண்ணீர் விடவில்லை. சமையல்காரர் அதில் வெங்காய மூட்டை வைத்திருந்தார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டைவ் மாஸ்டர் எல்லாம் இல்லை. நேற்று வரை 71 டைவ், அவ்வளவுதான். என்னைவிட நூறு மடங்கு தெரிந்தவர்கள் இந்த இணையதளத்தில் இருக்கிறார்கள், அவர்கள் வந்து திருத்தினால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தில் யாருக்கும் இறங்கிப் போக மாட்டேன். பத்தொன்பது வருடமாகப் பல்லடம், சோமனூர் பக்கம், காற்றால் நூலைத் தள்ளி நெய்யும் ஏர்ஜெட் தறிகளுக்குக் கம்ப்ரசர் சர்வீஸ் செய்கிறேன். காற்றை அழுத்தினால் அது என்னவெல்லாம் செய்யும் என்பது எனக்குத் தெரியும்.

நீச்சல் கற்றது அப்பாருவின் தோட்டத்துக் கிணற்றில். முதுகில் சுரைப்புருடையைக் கட்டி மேட்டிலிருந்து தள்ளிவிடுவார். அந்தக் கிணறு இப்போது வறண்டு குப்பை கொட்டும் குழியாகக் கிடக்கிறது. பக்கத்தில் ஆயிரம் அடிக்கு போர் போட்டும் புகைதான் வந்தது. இப்படிப்பட்ட ஊரிலிருந்து கடலுக்குள் போகிறவனுக்கு என்னவெல்லாம் ஆசை இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்கூபா கற்றது புதுச்சேரியில். பிறகு முருடேஸ்வர் போய் நேத்ராணித் தீவில் சில டைவ். அதற்கப்புறம்தான் மனைவியின் தம்பியையும் இழுத்துக்கொண்டு மாலத்தீவு. தலைக்கு ஒன்றரை லட்சம் சொச்சம் ஆனது.

அங்கே ஏற்பாடு எப்படி என்றால், நீங்கள் சாப்பிட்டுத் தூங்குவது பெரிய படகில். டேங்க், கம்ப்ரசர், ஈர உடை எல்லாம் கூடவே வரும் சின்னப் படகில். அதற்கு அங்கேயும் பெயர் தோணிதான். கேபின் சத்தமில்லாமல் இருக்கும், மூட்டை முடிச்சு இடைஞ்சல் இருக்காது, நல்ல முறைதான். ஆனால் காசு கட்டுகிற நாம் பெரிய படகின் படத்தை மட்டுமே பார்க்கிறோம். நாம் மூச்சுவிடும் காற்று தயாராவது தோணியில். அதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

இரண்டாம் நாள் மூன்றாவது டைவுக்குத் தயாராகும்போது, டேங்க் காற்றை இழுக்கும் ரெகுலேட்டரை வாயில் வைத்து இரண்டு மூச்சு இழுத்தேன். பட்டறை வாசம் அடித்தது. வேறு யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை, என் மூக்கு அதிலேயே ஊறினது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, பையில் கண்ணாடி துடைக்க வைத்திருந்த வெள்ளை பனியன் வேஸ்ட்டை வால்வுக்கு நேராகப் பிடித்து லேசாகத் திறந்தேன். ஏர்ஜெட் தறியில் காற்றோடு ஆயில் வருகிறதா என்று பார்க்க நாங்கள் செய்கிற வேலைதான் இது. ஆயில் வந்தால் துணி கறையாகி பீஸ் திரும்பி வந்துவிடும். துணியில் ஐந்து பைசா அளவுக்கு மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கம்ப்ரசர் காற்றை உள்ளே இழுக்கும் குழாய் மேலே, காற்று வரும் திசையில், புகைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். இங்கே அந்தக் குழாய் வெடித்துப்போய், தோள் உயரத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. தோணியைப் பெரிய படகின் ஓரமாகக் கட்டித்தான் டேங்க் நிரப்புவார்கள். பெரிய படகின் ஜெனரேட்டர் புகை வெளியே வருவதும் அதே பக்கம். அன்று மத்தியானம் காற்று திரும்பியிருந்தது.

கம்ப்ரசர் பார்க்கும் பையன் வங்கதேசத்துக்காரன், இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. என் பட்டறையில் பீகார் பையன்களோடு பேசிப் பழகிய இந்தியில், பில்டர் எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். சிரித்தான். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரைக் குறித்து வைக்கும் நோட்டு இருக்கிறதா என்றேன். அதற்கும் சிரித்தான். டைவ் டேங்க் நிரப்புகிற கம்ப்ரசர் 200 பார், அதாவது கிட்டத்தட்ட 200 கிலோ அழுத்தத்துக்கு மேலே தள்ளும், நம்ம ஊர் தறிக்கு ஓடுவது ஏழெட்டுக் கிலோதான். அந்த அழுத்தத்தில் வரும் ஈரத்தையும் ஆயிலையும் பில்டரில் இருக்கும் கரியும் சல்லடை மணிகளும்தான் பிடிக்க வேண்டும். கடல் ஈரத்தில் பில்டர் சீக்கிரமே களைத்துவிடும்.

ஆயில் வாசமாவது மூக்குக்குத் தெரிகிறது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. அமெரிக்காவின் கிரேடு ஈ தரப்படி சுவாசக் காற்றில் அது 10 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கைத் தாண்டக் கூடாது. முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு, அதனால் அங்கே அந்தப் பத்து உடம்புக்கு நாற்பது மாதிரி. தரையில் தலைவலியோடு போவது தண்ணீருக்குள் மயக்கமாக வரலாம்.

நான் இறங்கவில்லை. மச்சினனையும் இறங்கவிடவில்லை. கைடு வந்து, "இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிச் சொன்னதில்லை" என்று ஆரம்பித்தார். மற்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைசியில் கேப்டனே வந்து வால்வில் மூக்கை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டேங்குகளை எல்லாம் காலி செய்யச் சொன்னார். குழாயைப் புதிதாக மாற்றி மேலே ஏற்றிக் கட்டினோம். பையனோடு நானும்தான் நின்றேன், ஸ்பேனரைக் கையில் வாங்கிய பிறகு சும்மா நிற்க முடியவில்லை. பில்டர் மாற்றி மறுபடி நிரப்ப ராத்திரி ஆகிவிட்டது. அந்த டைவும் போச்சு, மறுநாள் காலை டைவும் போச்சு.

"மச்சான், நீங்க பேசாம இருந்திருக்கலாம், எல்லாரும் நம்மளையே மொறைக்கறாங்க" என்றான் மச்சினன். அவனுக்குத்தான் முந்தின சாயங்காலம் தலைவலி. வெயிலாகவும் இருக்கலாம். அதை நிரூபிக்க என்னிடம் மீட்டர் இல்லை, எனவே அந்தக் காற்றில் மோனாக்சைடு இருந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆயில் இருந்தது, புகை குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான் என் சாட்சி.

ஊர் உள்ள தீவு ஒன்றின் பக்கம் போனபோது சிக்னல் கிடைத்தது. வீட்டுக்காரியிடம் நடந்ததைச் சொன்னேன். "ஏனுங்க, கம்ப்ரசரப் பாக்கறதுக்கு ஒன்றரை லட்சம் குடுத்து அங்க போகோணுமாக்கும்? அதையே பல்லடத்துல பாத்தா காசு குடுப்பாங்கல்லங்க?" என்றாள்.

குடுப்பாங்களா? கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். சிறு தொழில்காரருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தராவிட்டால், தருகிற வருடம் வரை அதைச் செலவுக் கணக்கில் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள். வந்த கையோடு ஒரு மில்லில் என்னைக் கூப்பிட்டு, பில்லில் உத்யம் நம்பரை (சிறு தொழில் பதிவு எண்) போடாதீங்க, போட்டா அடுத்த தடவை வேற ஆளைப் பார்த்துக்கறோம் என்றார்கள். போடவில்லை. நூற்றுப் பத்தாவது நாள் பணம் வந்தது, அதிலும் ரவுண்டாக்கிக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு. சரி, விடுங்கள்.

ஒரு படகில் நடந்ததை வைத்து எல்லாப் படகையும் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. என் இரண்டாவது பயணம் வேறு படகு. பழைய மரப் படகு, பெயின்ட் உரிந்தது, ஜக்கூசி கிடையாது. பதிவு செய்யும் முன்பே கேள்விகளை எழுதி அனுப்பினேன். கம்ப்ரசர் பில்டர் எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறீர்கள், கடைசியாகக் காற்றைச் சோதித்த தாள் இருக்கிறதா, ராத்திரி விழித்திருந்து சுற்றி வர ஆள் உண்டா, கீழ்த்தளக் கேபினுக்கு இரண்டாவது வழி எங்கே திறக்கிறது, கேமரா டார்ச் பேட்டரிகளை எங்கே சார்ஜ் போட விடுவீர்கள். மூன்று படகுகளுக்கு அனுப்பினேன். ஒன்று ஜக்கூசி படத்தையே திருப்பி அனுப்பியது. ஒன்று பதிலே இல்லை. மூன்றாவது, சோதனைத் தாளோடு நீளமாக எழுதியது. அதைப் பிடித்தேன்.

ராத்திரிக் காவல் ஏன் என்றால், 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற டைவ் படகு அதிகாலையில் தீப்பிடித்து 34 பேர் செத்தார்கள். எல்லாரும் கீழ்த்தளத்தில் தூக்கம். இருந்த இரண்டு வழிகளும் மேலே ஒரே அறையில்தான் திறந்தன, அந்த அறையில்தான் தீ. விழித்துச் சுற்றி வர ஒருவர்கூட இல்லை. அது உட்பட்ட அலட்சியத்துக்காகத்தான் கேப்டனுக்கு நான்கு வருடச் சிறை. 2024 நவம்பரில் எகிப்துப் பக்கம் செங்கடலில் சீ ஸ்டோரி என்ற டைவ் படகு கவிழ்ந்து மூழ்கியபோது, கேபினில் மாட்டிய சிலரை ஒரு நாளுக்கும் மேலே கழித்துத்தான் உயிரோடு எடுத்தார்கள். பயமுறுத்த இதை எழுதவில்லை. கேபினில் ஜன்னல் பெரிதா சின்னதா என்று பார்க்கிற நேரத்தில் கதவு எங்கே போகிறது என்று பாருங்கள் என்பதற்காகத்தான்.

அந்த மரப் படகில் ஏறிய முதல் நாளே, அவசர வழியாக ஒரு தடவை ஏறி வெளியே வரச் சொன்னார்கள். கட்டிலுக்கு மேலே கூரையில் ஒரு மூடி. அரிசிம்பருப்புச் சோற்றுக்கு நெய் ஊற்றி வளர்த்த உடம்பு, இடுப்பில் மாட்டிக்கொண்டது. கீழேயிருந்து மச்சினன் தள்ள, மேலேயிருந்து படகுக்காரர் இழுக்க, ஒரு வழியாக வெளியே வந்தேன். எனக்கு மேல்தளக் கேபின் மாற்றிக் கொடுத்தார்கள். அங்கே ஆட்டம் அதிகம். இரண்டு நாள் வாந்தி மாத்திரை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்தபோதெல்லாம் கையில் டார்ச்சோடு ஒருவர் நடந்துகொண்டிருந்தார். பேட்டரி சார்ஜ் போடும் மேசையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்.

இனி உங்கள் விஷயம். ஒன்பது டைவோடு இந்தப் பயணம் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும்தான். அங்கே நல்ல இடங்கள் பலவும் அட்டோல் என்கிற பவளப்பாறை வளையத்தை அறுத்துப் போகும் கால்வாய்கள், 25, 30 மீட்டர் விளிம்பில் பாறையில் கொக்கி மாட்டிக்கொண்டு நீரோட்டத்தில் காற்றாடி மாதிரி தொங்க வேண்டியிருக்கும். கீழ்பவானி வாய்க்காலில் நீந்தியிருக்கிறேன் என்று நீங்கள் சொல்லலாம், நானும் சொன்னேன், முதல் கால்வாயிலேயே டேங்க் காற்றை மளமளவென்று குடித்துத் தீர்த்தேன். பல படகுகள் அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு சான்றிதழும் ஐம்பது டைவும் கேட்கும். கேட்காத படகு இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்கிறது என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரி, நேத்ராணி, அந்தமான் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் டைவ் முடித்துத் திரும்பும்போது, வழிதானே என்று அன்றைக்கே ஏற்காடு ஏறாதீர்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் பல டைவ் செய்தால் விமானம் ஏறக் காத்திருக்கும் 18 மணி நேரக் கணக்கு மலைக்கும் உண்டு.

மாலத்தீவையே பார்க்க வேண்டும் என்றால் திகுரா மாதிரி ஊர் உள்ள தீவில் விருந்தினர் விடுதியில் தங்கி தினம் இரண்டு டைவ் போங்கள். திமிங்கலச் சுறாவுக்குப் பேர்போனது தெற்கு அரி அட்டோல், திகுரா அங்கேயே இருக்கிறது. அந்தத் தீவுகளில் மது கிடையாது, நண்பரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மே மாதம் காற்றும் மழையும் மாறுகிற சமயம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதி, தண்ணீர் தெளிவு. ஹனிபாரு விரிகுடாவில் மந்தா திருக்கைகளோடு டைவ் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம், அங்கே டேங்கோடு இறங்கத் தடை, ஸ்நார்கெல் மட்டும்தான், அதுவும் ஜூனிலிருந்து நவம்பர் வரைதான் சீசன். படகுக் கட்டணத்துக்கு மேல் பசுமை வரி தலைக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஸ்கூபா உண்டா, எத்தனை மீட்டர் வரை என்று பாலிசியில் படித்துப் பாருங்கள். சாதாரணப் பயண பாலிசிகள் பலவற்றில் சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவார்கள். டைவில் அழுத்தத்தால் வரும் நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை ஒன்று பண்டோஸ் தீவில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் செலவே பெரிது.

முதல் படகின் பெயரைக் கேட்டு யாரும் செய்தி அனுப்ப வேண்டாம், சொல்ல மாட்டேன். அந்தக் கேப்டன் டேங்கைக் காலி செய்தார், அதை நான் மறக்கவில்லை. கம்ப்ரசர் பையன் இப்போது வேறு படகில் இருக்கிறான். எப்போதாவது வாட்ஸப்பில் ஹவர் மீட்டரைப் படம் எடுத்து அனுப்புவான். போன மாதம் வந்த படத்தில் பின்னால் இழுப்புக் குழாயும் தெரிந்தது, பாய்மரக் கம்பத்தின் உச்சிக்கே ஏற்றிக் கட்டியிருந்தான்.