கேளுங்கள், சொல்கிறேன்: தைத்துக் கொடுத்தும் ஏன் கொன்றார்கள்?

கேள்வி: தாராவியில் மெஷின் போட்டு ஜாப் ஒர்க்காகச் சட்டை தைக்கிறோம். இரண்டாம் உலகப்போரில் போலந்தின் வூச் நகர யூதர்கள் ஜெர்மன் ராணுவத்துக்கே உடுப்பு தைத்தார்களாம். "எதிரிக்கு உழைத்தது தப்பில்லையா? உழைத்தவர்களை ஏன் கொன்றார்கள்?" என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்ல? (வாசகி, மும்பை)

பதில்: அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுங்கள் அம்மா.

நம் பரேல், லால்பாக் போலப் பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர் வூச். போருக்கு முன் ஊரில் மூன்றில் ஒருவர் யூதர், சுமார் 2,30,000 பேர். ஆலை முதலாளியும் உண்டு, அன்றாடங்காய்ச்சித் தையல்காரரும் உண்டு. 1939 செப்டம்பரில் ஊரைப் பிடித்த ஜெர்மானியர், அடுத்த ஏப்ரல் முடிவதற்குள் 1,60,000 பேரை ஏறக்குறைய நான்கு சதுர கிலோமீட்டருக்குள் வேலிபோட்டு அடைத்தார்கள். இப்படி யூதரை அடைத்துவைத்த பகுதிக்குத்தான் கெட்டோ என்று பெயர். தைத்தால்தான் ரொட்டி. அதுவும் வயிற்றுக்குக் காணாது. பசியிலும் நோயிலும் உள்ளேயே செத்தவர்கள் 40,000-க்கும் மேல்.

கெட்டோவை நடத்த ஜெர்மானியர் நியமித்த யூதக் குழுவின் தலைவர் ரும்கோவ்ஸ்கி, உழைப்பவரை விட்டுவைப்பார்கள் என்று நம்பினார். ஆனால் 1942 ஜனவரியிலிருந்து ஆட்களைக் கெல்ம்னோ கொலை முகாமுக்குக் கொண்டுபோய், மூடிய லாரிக்குள் என்ஜின் புகையைவிட்டுக் கொன்றார்கள். செப்டம்பரில் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் முதியவர்களையும் நோயாளிகளையும் கேட்டார்கள். "உங்கள் குழந்தைகளை என்னிடம் கொடுங்கள்" என்று அந்தத் தலைவரே கூட்டத்தில் கேட்டார். மாட்டுங்காவில் பாடம் நடத்திய காலத்தில் இந்த இடத்தில் என்னால் தொடர முடிந்ததில்லை. அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்தவர்கள் யார் என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள்.

ஏன் கொன்றார்கள்? யூதர் ஒருவரும் மிஞ்சக்கூடாது என்பது முன்பே முடிவானது. தையல் அந்த நாளைத் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். மற்ற பெரிய கெட்டோக்கள் ஒழிக்கப்பட்ட பிறகும் வூச் 1944 கோடைவரை நின்றது. அப்போது 70,000-க்கும் அதிகமானோர் உயிரோடிருந்தார்கள். ஜெர்மானியரை விரட்டிக்கொண்டு வந்த சோவியத் படை, ஊருக்குக் கிழக்கே விஸ்துலா ஆறுவரை வந்து நின்றுவிட்டது. அந்த ஆகஸ்டில் கெட்டோவில் இருந்தவர்களில் பெரும்பாலோரை ஜெர்மானியர் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள். ரும்கோவ்ஸ்கியும் அங்கேதான் இறந்தார். 1945 ஜனவரியில் சோவியத் படை ஊருக்குள் நுழைந்தபோது கெட்டோவில் எஞ்சியவர்கள் ஆயிரம்பேர்கூட இல்லை.

மகளுக்கு ஹென்றிக் ராஸ் எடுத்த படங்களைக் காட்டுங்கள். கெட்டோ நிர்வாகத்தின் புகைப்படக்காரர் அவர். நெகட்டிவ்களைப் புதைத்துவைத்து, போர் முடியும் தறுவாயில் தோண்டியெடுத்தார். இப்போது டொரொன்டோவின் ஒன்டாரியோ கலைக்கூடத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். பட்டறைப் படங்களோடு நிறுத்தாமல், உயிரைப் பணயம் வைத்து அவர் ஒளிந்து எடுத்தவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.