வெயிலில் வளைந்த கார்பன் ஃபைபர் பாகம்

கேள்வி: எபாக்ஸி ரெசினும் கார்பன் ஃபைபர் துணியும் வாங்கி, கையாலேயே அடுக்கடுக்காகப் பூசி பைக்குக்கு ஒரு மட்கார்டு செய்தேன். 24 மணி நேரத்தில் நன்றாக இறுகிவிட்டதால் மோல்டிலிருந்து எடுத்து மாட்டினேன். ஒரே மதிய வெயிலில் ஓரம் வளைந்துவிட்டது. ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் குறைந்துவிட்டதா? டேட்டா ஷீட்டில் பாட் லைஃப், ஜெல் டைம், போஸ்ட் கியூர், டி.ஜி. என்றெல்லாம் இருக்கிறது. இவற்றில் எதைக் கவனித்திருக்க வேண்டும்?

பதில்: கடைசியாகக் குறிப்பிட்டிருக்கிறீர்களே, அந்த டி.ஜி.யை. இறுகிய ரெசின் எந்த வெப்பநிலையை ஒட்டி விறைப்பை இழந்து தளரத் தொடங்குகிறதோ, அதுதான் டி.ஜி. அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்ஸிக்கு இது பெரும்பாலும் 50, 60 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். நேர் வெயிலில் கறுப்புப் பரப்பு 70 டிகிரியைக்கூடத் தாண்டும். இழைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பிடித்து வைத்திருந்த ரெசின்தான் தளர்ந்திருக்கிறது.

பாட் லைஃப் என்பது கலந்த ரெசின் கோப்பையில் எவ்வளவு நேரம் பூசத்தக்க நிலையில் இருக்கும் என்பது. குறிப்பிட்ட எடைக்கு, பெரும்பாலும் 100 கிராமுக்கு, அளந்து போடுவார்கள். ஒரேயடியாக ஒரு கிலோ கலந்தால் வினையின் சூடு வெளியேற வழியில்லாமல் நேரம் வெகுவாகக் குறையும், கோப்பை புகையவும் கூடும். ஜெல் டைம், ரெசின் பாய்வதை நிறுத்தும் நேரம். இரண்டுமே வேலை செய்யும்போது உதவுபவை. பாகம் எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

இறுகியது போதாதா என்று கேட்பீர்கள். வினை நடக்க நடக்க மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து டி.ஜி. ஏறிக்கொண்டே போகும். அது அறை வெப்பத்தைக் கடந்ததும் ரெசின் கண்ணாடிபோல் விறைக்கிறது. மீதி மூலக்கூறுகள் நகர்ந்து ஒன்றையொன்று தேட முடியாததால் வினை ஏறக்குறைய நின்றுவிடும். தட்டினால் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் பிணைப்பு முடிந்திருக்காது. மாதக்கணக்கில் அப்படியே வைத்திருந்தாலும் பெரிய மாற்றம் வராது. சூடேற்றி அந்த மூலக்கூறுகளை மறுபடி நகரவிடுவதே போஸ்ட் கியூர். பலர் இதை விருப்பமிருந்தால் செய்துகொள்ளும் வேலையாக நினைக்கிறார்கள். வெயிலில் நிற்கப்போகும் பாகத்துக்கு இது உற்பத்தியின் ஒரு பகுதி என்பேன்.

ஹார்டனரைக் கூட்டுவது தீர்வல்ல. பாலியெஸ்டர் ரெசினில் 1 முதல் 2 சதவீதம் சேர்க்கும் வினைத்தூண்டியை வரம்புக்குள் கூட்டிக் குறைக்கலாம். எபாக்ஸி ஹார்டனர் பிணைப்பின் ஓர் அங்கம். கூடுதலாக ஊற்றினால் இணை கிடைக்காமல் உள்ளேயே தங்கி டி.ஜி.யை இன்னும் இறக்கிவிடும். தராசில் நிறுத்து, தயாரிப்பாளர் சொன்ன விகிதத்திலேயே கலக்குங்கள்.

வளைந்த மட்கார்டை மீட்க வாய்ப்பு இருக்கிறது. மோல்டில் திரும்ப வைத்துக் கவ்விகளால் இறுக்கி, மோல்டு அந்தச் சூட்டைத் தாங்குமா என்று உறுதி செய்துகொண்டு, மெதுவாகச் சூடேற்றுங்கள். அளவும் நேரமும் உங்கள் ரெசினின் டேட்டா ஷீட்டில் இருக்கும். பல ரெசின்களுக்கு 60 முதல் 80 டிகிரியில் சில மணி நேரம். அவசரப்பட்டு ஏற்றினால், வெப்பம் டி.ஜி.யை முந்திக்கொண்டு பாகம் மறுபடி தளரும். மோல்டிலேயே ஆறவிட்டு எடுங்கள். உணவு சமைக்கும் ஓவனை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அடுக்குகள் பிரிந்திருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ புதிதாகச் செய்வதே சரி.

அடுத்த முறை ரெசின் வாங்கும்போது, அச்சிட்டிருக்கும் டி.ஜி. எந்தப் போஸ்ட் கியூருக்குப் பிறகு அளந்தது என்று படியுங்கள். பெரிய எழுத்தில் 90 டிகிரி என்று போட்டு, 80 டிகிரியில் பல மணி நேரம் வைத்த பிறகு கிடைத்த அளவு அது என்பதைக் கீழே சிறிய எழுத்தில் சொல்லியிருப்பார்கள். அளந்த முறையையும் பாருங்கள்: டி.எம்.ஏ. (சூடேற்றிக்கொண்டே விறைப்பை அளக்கும் சோதனை) வரைபடத்தில் டேன் டெல்டா என்ற கோட்டின் உச்சத்தை எடுத்தால் எண் கூடுதலாக வரும், விறைப்பு குறையத் தொடங்கும் புள்ளியை எடுத்தால் குறைவாக வரும். உங்கள் பாகத்துக்கு இந்தக் குறைவான எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள். அதிலும் வெயில் சூட்டுக்கு மேல் 15, 20 டிகிரியாவது இடைவெளி இருக்கட்டும்.