புற்றுநோய் உயிரணு சுரக்கும் எதிர்ப்புப் புரதங்கள்: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உடலுக்குப் பகையான புற்றுநோய் உயிரணு, நோய் எதிர்ப்புப் புரதத்தை எவ்வாறு சுரக்கும்? (ஆறாம் படிவ மாணவி)

பதில்: புற்றுநோய் உயிரணு வெளியிலிருந்து வந்ததன்று, நம் உயிரணுக்களுள் ஒன்று கட்டுப்பாடிழந்து பெருகியதே அது. எனவே, பிறந்த திசுவின் வேலைகளிற் சிலவற்றை அது வளர்ப்புக் குடுவையிலும் தொடர்கிறது. கல்லீரல் புற்றிலிருந்து பெற்ற ஹெப்-ஜி2 உயிரணுக்கள், நுண்கிருமிகளைத் தாக்கத் துணைபுரியும் சி3 புரதத்தைச் சுரக்கின்றன. இரத்தப் புற்றிலிருந்து வந்த ஜர்காட் உயிரணுக்களோ, தக்கபடி தூண்டினால்தான், நோய் எதிர்ப்பு உயிரணுக்களைப் பெருகச் செய்யும் இன்டர்லூகின்-2 என்ற புரதத்தைத் தரும்.

கேள்வி: இதனால் நோயாளிகளுக்குப் பயன் விளைந்ததுண்டா?

பதில்: பெரும்பயன் விளைந்தது. நமால்வா எனப்படும் நிணநீர்ப் புற்று உயிரணுக்களைச் சென்டாய் வைரஸால் தூண்டி, வைரஸை எதிர்க்கும் புரதமான இன்டர்ஃபெரானை மருந்தாகப் பெருமளவில் தயாரித்தார்கள். 1975-இல் அறிவியலாளர்கள் கோலரும் மில்ஸ்டைனும், எதிர்ப்பொருள் (குறிப்பிட்ட இலக்கை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம்) சுரக்கும் எலியின் உயிரணுவை, மயலோமா என்னும் எலும்பு மச்சைப் புற்றின் உயிரணுவோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் சுரக்கும் கலப்பு உயிரணுவை உருவாக்கினார்கள். 1984-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்றைய புற்றுநோய் மருந்துகள் பலவற்றுக்கு வழி திறந்தது அந்த வேலையே என்பதால், இதை நம் பள்ளிகளில் விரிவாகச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: சுரந்த புரதத்தை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: 37 பாகை வெப்பத்தில், 5 விழுக்காடு கரியமில வாயுவில் வளரும் உயிரணுக்களைச் சுற்றியுள்ள திரவத்தை எடுத்து, எலைசா முறையில் அளக்கிறார்கள்: ஓர் எதிர்ப்பொருள் புரதத்தைப் பிடித்துவைக்க, இன்னொன்று நிறமாற்றத்தால் அதன் அளவைக் காட்டும். இளஞ்சிவப்பாக இருந்த வளர்ப்புத் திரவம் மஞ்சளாகியிருந்தால் அமிலம் கூடிவிட்டது என்று பொருள். அதனால் வாடிய உயிரணுக்களின் அளவீட்டை நம்ப இயலாது. திரவத்தில் சேர்த்த கன்றின் சீரத்திலும் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) புரதங்கள் உண்டு. ஆகவே உயிரணு இல்லாத திரவத்தையும் உடன் அளக்காத ஆய்வை நான் ஏற்பதில்லை.

கேள்வி: இரவுச் சந்தையில் விற்கும் மூலிகைச் சாறு, புற்றுநோய் உயிரணுவில் எதிர்ப்புப் புரதத்தைக் கூட்டுவதாக ஆய்வுக்கூடத்தில் நிரூபணமாம். பால்மரம் சீவி எங்களை வளர்த்த அப்பாவுக்கு நுரையீரல் புற்று. வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. அந்தக் கூற்று உண்மையே ஆனாலும் அது நன்மைக்குச் சான்றாகாது. புற்று உயிரணு தானே சுரக்கும் இன்டர்லூகின்-6, பல புற்றுகளில் அதன் வளர்ச்சிக்கே துணைபோகிறது. இன்டர்ஃபெரான்-காமா பட்ட புற்று உயிரணு, தன் மேற்பரப்பில் பிடி-எல்1 புரதத்தைக் கூட்டி, தாக்க வரும் டி உயிரணுக்கள் என்னும் வெள்ளணுக்களை அடக்கிவிடவும் கூடும். மேலும், சில மூலிகைகள் புற்றுநோய் மருந்தின் அளவை இரத்தத்தில் மாற்றிவிடும். அப்பா ஏற்கெனவே அந்தச் சாற்றைக் குடித்திருந்தால் மறைக்க வேண்டாம். அடுத்த முறை ஈப்போவுக்குச் சிகிச்சைக்குப் போகும்போது புட்டியையே எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.