கேள்வி-பதில்: சாயநீரைத் தெளிய வைக்கும் பிளாஸ்மா இயந்திரம் வாங்கலாமா?

கேள்வி: சிறிய சாயப்பட்டறை நடத்துகிறேன். மின்பொறி பாய்ச்சிச் சாயநீரைச் சுத்தம் செய்யும் ‘பிளாஸ்மா’ இயந்திரத்தை விற்க ஒருவர் வந்தார். குடுவையில் இருந்த நீல நீரைச் சில நிமிடங்களில் கண்ணாடிபோல் ஆக்கிக் காட்டினார். ரசாயனமும் வேண்டாம், கசடும் வராது என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: அவர் காட்டியது கண்கட்டு வித்தை அல்ல. நீருக்குள்ளோ அதன் மேற்பரப்பிலோ பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தைச் செலுத்தினால் ஹைட்ராக்சில், ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை அங்கேயே உருவாகின்றன. இவற்றில் ஹைட்ராக்சில்தான் முரடன்; நீர் மூலக்கூறு உடைந்து உண்டாகும், சும்மா இருக்க முடியாத துண்டு அது. எதிர்ப்படும் சாய மூலக்கூறை உடைத்துவிடும்.

ஆனால் அந்தக் குடுவையில் இருந்தது என்ன என்று கேட்டீர்களா? இத்தகைய செய்முறைகளில் பெரும்பாலும் மெத்திலீன் நீலத்தைத்தான் சுத்தமான நீரில் மிகக் கொஞ்சமாகக் கரைத்திருப்பார்கள். எளிதில் வெளுக்கும் சாயம் அது. உங்கள் தொட்டியில் இருப்பதோ உப்பு, சலவைச் சோடா, சோப்பு, கஞ்சி எல்லாம் கலந்த நீர். ஹைட்ராக்சில் ஆள் பார்த்துத் தாக்குவதில்லை. சோடாவிலிருந்து வரும் கார்பனேட்டும், உப்பிலிருந்து வரும் குளோரைடும், சோப்பும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். சாயத்துக்குக் கிடைப்பது மிச்சம்தான்.

அதைவிட முக்கியமானது, நிறம் போவதும் சாயம் ஒழிவதும் ஒன்றல்ல என்பது. துணிச் சாயங்களில் பெரும்பகுதி ‘அசோ’ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு அறுந்தாலே நிறம் மறைந்துவிடும். உடைந்த துண்டுகள் நீரிலேயே இருக்கும். அவற்றில் அரோமாட்டிக் அமீன்களும் இருக்கலாம். அந்தக் குடும்பத்தில் சில புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. அத்துண்டுகளையும் கரியமில வாயுவாக மாற்ற வேண்டுமானால் நிறம் போக்குவதைவிடப் பல மடங்கு நேரமும் மின்சாரமும் செலவாகும். விற்பனையாளர் ‘99 சதவீதம்’ என்றால், எதில் 99 என்று கேளுங்கள். நிறத்தில் என்றால் அந்த எண்ணுக்கு அவ்வளவு மதிப்பில்லை.

உங்கள் தொட்டி நீரையே கேனில் எடுத்துச் சென்று, உங்கள் கண்முன் இயந்திரத்தில் ஓட்டச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் மாதிரி எடுத்து, நீங்கள் தேர்ந்தெடுத்த ஆய்வகத்தில் சி.ஓ.டி.யும் (நீரிலுள்ள மாசை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) மொத்தக் கரிமக் கார்பனும் (கரிமப் பொருள்களில் மிஞ்சியிருக்கும் கார்பன் அளவு) பாருங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: நீரில் தங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடு, சி.ஓ.டி. அளவை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அதை நீக்கிவிட்டுச் சோதிக்கும்படி ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நல்ல இயந்திரத்தையும் தவறாகக் கழித்துவிடுவீர்கள். அந்த ஓட்டத்தின்போது மீட்டரில் எத்தனை யூனிட் ஏறியது என்பதையும் குறித்து, ஆயிரம் லிட்டருக்குக் கணக்கிடுங்கள். பெரும்பாலும் பேரம் முறிவது இந்தக் கணக்கில்தான்.

இயந்திரத்தின் அமைப்பையும் பாருங்கள். ஹைட்ராக்சிலின் ஆயுள் மைக்ரோ விநாடிக் கணக்கில்தான். பொறியைத் தொட்டுச் செல்லும் நீருக்கே அது பயன்படும். நீர் மெல்லிய படலமாகவோ துளிகளாகவோ பொறி வழியே போகிறதா, அல்லது பெரிய தொட்டியில் இரண்டு மின்முனைகளை முக்கி வைத்திருக்கிறார்களா? இரண்டாவது வகை என்றால் நான் தயங்குவேன்.

கசடு மிகக் குறைவு என்பது உண்மை. ரசாயனமே வேண்டாம் என்பது முழு உண்மையல்ல. காற்றில் பொறி வெடித்தால் நைட்ரிக் அமிலமும் உண்டாகும்; நீர் புளித்துப்போனால் காரம் சேர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். நைட்ரேட் அளவும் ஏறும்.

கேள்வி: இதை வாங்கிவிட்டால் உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) தேவைப்படாதா?

பதில்: தேவைப்படும். மின்பொறி உப்பை நீக்காது. டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு) குறைவதற்குப் பதிலாகச் சற்றுக் கூடவும் செய்யலாம். உப்பு மிகுந்த நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால், நீருக்குள்ளேயே பொறி உண்டாக்கும் இயந்திரங்கள் திணறும். டிஸ்பர்ஸ், வாட் சாயங்கள் மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இந்த இயந்திரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நீரில் அவ்வளவாகக் கரையாத அவற்றைப் படிகாரம் போன்ற திரட்டிகளே வீழ்படியச் செய்துவிடும். நீரில் நன்றாகக் கரையும் ரியாக்டிவ் சாயம்தான் திரட்டிக்கு எளிதில் மசியாது.

கேள்வி: ஏற்கெனவே வாங்கிவிட்டோம். ஓடும்போது காரமான வாடை வருகிறது, பயப்பட வேண்டுமா?

பதில்: அது பெரும்பாலும் ஓசோன். எட்டு மணி நேர வேலைக்குப் பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு, காற்றின் 10 லட்சம் பங்கில் 0.1 பங்குதான். அதற்கும் குறைவான அளவிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். பிறகு பழகிப்போய் உணராது. எனவே வாடை நின்றது என்று நிம்மதி அடையாதீர்கள். கசிவை அடைத்து, வெளியேறும் காற்றை ஓசோன் சிதைப்பான் வழியே அனுப்பச் சொல்லுங்கள். மூடியைத் திறந்தால் மின்சாரம் தானாக நிற்கிறதா என்பதையும் நிறுவியவரைக் கொண்டே சோதித்துவிடுங்கள். மின்முனை தேயும் பொருள். உத்தரவாதச் சீட்டில் அது சேர்ந்திருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.