குடும்பம் பெருகும்போது, நகரத்துக்கு வேலைக்குப் போய்வரும் தொலைவில் ஓர் ஊரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெருநகரின் நடுவே இரண்டு அறை கொண்ட அடுக்கக வீட்டில் இருக்கிறீர்கள். மூத்த குழந்தை பள்ளியில் சேரும் வயதை நெருங்குகிறது, அடுத்த குழந்தை பிறக்கவிருக்கிறது, நீங்கள் இருவரும் நகரத்திலேயே வேலை பார்க்கிறீர்கள். ரயிலில் போய்வரக்கூடிய ஐந்தாறு ஊர்களைக் குறித்து வைத்துக்கொண்டு, எதை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழ இதே நிலையில் நகரத்தை விட்டு வெளியேறி, சிறிய ஊர் ஒன்றில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, அங்கிருந்து இன்றும் நகரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் என் பதிலை எழுதுகிறேன்.

முதலில் பயண நேரத்துக்கு ஓர் உச்சவரம்பை வகுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு அழகான வீடு கிடைத்தாலும் அந்த வரம்பைத் தாண்டுவதில்லை என்று இருவரும் உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு, வரம்புக்குள் அடங்கும் ஊர்களை, காலையில் கிளம்பிப் போகிறவரை மனத்தில் வைத்துப் பார்க்காமல், நாள் முழுவதும் அங்கேயே இருக்கப்போகிற பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வீட்டின் பரப்பளவிலும் விலையிலும் தொடங்குகிறார்கள், அதற்கேற்ற ஊரைப் பிடிக்கிறார்கள், பயணத்தைப் பழகிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

பயணம் அவ்வளவு எளிதில் பழகிவிடுவதில்லை. ஜூரிச் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்களான புரூனோ ஃபிரையும் அலோயிஸ் ஸ்டட்சரும் ஜெர்மனியக் குடும்பங்களிடம் ஆண்டுதோறும் எடுக்கப்படும் கணக்கெடுப்பை வைத்து இதை ஆராய்ந்தார்கள். நீண்ட தூரம் போய்வருகிறவர்கள் கூடுதல் சம்பளத்தின் வழியாகவோ நல்ல வீட்டின் வழியாகவோ அந்தச் சிரமத்துக்கு ஈடு பெற்றுவிடுகிறார்கள் என்றால், அவர்களின் மனநிறைவு மற்றவர்களுக்குச் சமமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை என்பதும், பயண நேரம் கூடக்கூட வாழ்க்கையில் மனநிறைவு குறைந்துகொண்டே போகிறது என்பதும் அவர்கள் கண்ட முடிவு. உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்கள் தங்கள் முந்தைய நாளின் ஒவ்வொரு பகுதியையும் நினைவுகூர்ந்து மதிப்பிட்டார்கள். அவர்களுக்கு மிகக் குறைந்த மகிழ்ச்சி தந்தவற்றுள் வேலைக்குப் போகும் பயணம் இருந்தது. வீட்டின் கூடுதல் அறை சில மாதங்களில் கண்ணுக்குப் பழகிவிடும். பயணமோ ஒவ்வொரு நாளும் புதிதாகவே வந்து நிற்கும்.

ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிகா சாண்டோவின் ஆய்வைக் குடும்பஸ்தர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நெடுந்தூரம் வேலைக்குப் போய்வரும் ஒருவர் உள்ள இணைகள் பிரிந்துவிடும் வாய்ப்பு, மற்ற இணைகளைவிட 40 சதவீதம் அதிகமாக இருப்பதையும், தொடக்க ஆண்டுகளில்தான் அந்த ஆபத்து மிகுதி என்பதையும் அவர் கண்டார். பயணம்தான் பிரிவுக்குக் காரணம் என்று இதிலிருந்து உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனாலும் ஒருவர் நாள்தோறும் பல மணி நேரம் வீட்டில் இல்லாதபோது வீட்டுப் பாரம் முழுவதும் மற்றவர் தோளில் சாய்கிறது என்பதை எந்தத் தம்பதியும் உணர்வார்கள். ஆகவே, யார் பயணம் செய்கிறார் என்பதோடு, அந்த நேரத்தில் யார் தனியே எல்லாவற்றையும் சமாளிக்கிறார் என்பதையும் சேர்த்தே பேசி முடிவெடுங்கள்.

சரி, வரம்பு எவ்வளவு? மனிதர்கள் ஊர், காலம், வாகன வசதி எதுவாக இருந்தாலும் சராசரியாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று 1970களில் போக்குவரத்து ஆய்வாளர் யாகோவ் சஹாவி கணக்கிட்டார். இத்தாலிய அறிஞர் செசாரே மார்கெட்டி 1994இல் அதை விரித்து எழுதினார். அந்தக் கணக்குப்படி போக அரை மணி, வர அரை மணி. வெளியூரில் குடியிருப்பவருக்கு இது எட்டாது என்பது உண்மைதான். என் கருத்தில், இருவரும் வாரம் முழுவதும் போய்வர வேண்டுமானால் ஒரு வழிக்கு 50 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஒருவராவது வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமானால் அவருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே போகலாம்.

இந்த நிமிடங்களை வீட்டு வாசலிலிருந்து அலுவலக இருக்கை வரை கணக்கிடுங்கள். வீடு விற்பவர்களின் விளம்பரத்தில் நாற்பது நிமிடம் என்று போட்டிருப்பது ரயில் ஓடும் நேரம் மட்டுமே. வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடப்பது, வண்டியை நிறுத்த இடம் தேடுவது, ரயில் வருவதற்குச் சில நிமிடம் முன்பே போய் நிற்பது, நடுவில் இறங்கி மாறி ஏறுவது, இறங்கிய பின் அலுவலகம் வரை போவது, போகும் வழியில் குழந்தையைக் காப்பகத்தில் விடுவது எல்லாவற்றையும் கூட்டினால் நாற்பது நிமிடம் எழுபதைத் தொட்டுவிடும்.

நேரத்தின் அளவுக்கு இணையாக அதன் நம்பகத்தன்மையும் முக்கியம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து நியூயார்க் நகரின் மன்ஹாட்டனுக்கு ரயிலில் போய்வருகிறவர்களை ஆய்வாளர்கள் ரிச்சர்ட் வெனரும் கேரி எவன்ஸும் நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்ல முடியாத பயணமே உடலையும் மனத்தையும் அதிகம் இறுக்குகிறது என்று கண்டார்கள். அந்த வழித்தடம் ஒன்றில் 1996 முதல் இடையில் மாறாமல் நேரே போகும் ரயில் விடப்பட்டபோது, அதற்கு மாறிய பயணிகளின் மன அழுத்தம் குறைந்ததையும் பதிவு செய்தார்கள். ஆகவே மாறி ஏற வேண்டிய 40 நிமிடத்தையும் நேரே போகும் 50 நிமிடத்தையும் ஒப்பிட்டால், நான் தயங்காமல் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். உட்கார இடம் கிடைக்குமா என்பதையும் பாருங்கள். ரயில் புறப்படும் ஊரிலோ அதற்கு அடுத்த ஊரிலோ ஏறுகிறவருக்கு இடம் கிடைக்கும். நகரத்துக்கு அருகிலுள்ள நிலையத்தில் ஏறுகிறவர் குறைந்த நேரம் பயணம் செய்தாலும் நின்றுகொண்டேதான் போக வேண்டியிருக்கும்.

எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்பதைக் குடும்பஸ்தர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக விசாரிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடினால் ஒன்றைத் தவறவிடுவது பெரிய விஷயமே அல்ல. மணிக்கு ஒன்றுதான் என்றால், அலுவலகக் கூட்டம் சற்று நீண்டுவிட்டாலே குழந்தைக் காப்பகம் மூடும் நேரத்துக்குள் நீங்கள் போய்ச் சேர முடியாது. காலை நேர அட்டவணை எல்லா ஊர்களிலும் ஓரளவு நன்றாகவே இருக்கும். மாலை ஏழு மணிக்குப் பிறகும், விடுமுறை நாட்களிலும், ரயில் நின்றுபோன நாட்களிலும் என்ன மாற்று வழி இருக்கிறது என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு தெரியும். இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் ஊர், அல்லது ரயிலோடு நல்ல பேருந்து வசதியும் உள்ள ஊர், இந்த வகையில் மதிப்பு மிக்கது. நாளை உங்களில் ஒருவர் வேலை மாறினாலும் அது கைகொடுக்கும்.

பகல் பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து, குழந்தைக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள் என்று தொலைபேசி வந்தால் யார் போவது? நீங்கள் இருவருமே நகரத்தில் இருப்பீர்கள். காலை நெரிசல் முடிந்ததும் பல வழித்தடங்களில் ரயில்கள் குறைந்துவிடும் என்பதால் பகலில் திரும்பி வரக் காலையில் போனதைவிட அதிக நேரம் பிடிக்கலாம். உறவினரோ நெருங்கிய நண்பரோ ஏற்கெனவே வாழும் ஊர் உங்கள் பட்டியலில் இருந்தால், மற்றவை சற்றுக் குறைவாக இருந்தாலும் அதை முன்னே வைக்கச் சொல்வேன். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் ஆண்டுகளில், நம்பி ஒப்படைக்கக்கூடிய ஒரு மனிதர் அருகில் இருப்பதற்கு ஈடு வேறில்லை.

இனி ஊரைப் பிள்ளைகளின் பார்வையில் பார்ப்போம். கைக்குழந்தையையும் நான்கு வயதுக் குழந்தையையும் வைத்துக்கொண்டு ஊர் தேடும்போது, தோட்டமும் விளையாட்டுத் திடலும்தான் நம் கண்ணில் படுகின்றன. ஆனால் அந்த வயது விரைவில் கடந்துவிடும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஊரில் அவர்கள் பன்னிரண்டு வயதிலும் பதினைந்து வயதிலும் வாழப்போகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை யாருடைய துணையும் இல்லாமல் பள்ளிக்கும், நூலகத்துக்கும், நண்பன் வீட்டுக்கும் நடந்தோ மிதிவண்டியிலோ போய்வர முடியுமா என்று ஒவ்வோர் ஊரிலும் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு மாலையும் வார இறுதியும் நீங்கள் இருவரும் மாறி மாறிக் காரோட்ட வேண்டும். வேலைப் பயணத்துக்கு மேல் இன்னொரு பயணம் அது. பிள்ளைகளின் இழப்போ அதைவிடப் பெரியது. பிரிட்டனில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் நடத்திய ஆய்வின்படி, 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதத்தினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதமாகச் சுருங்கியது. போக்குவரத்து பற்றிய பெற்றோரின் அச்சமே இதற்கு முதன்மைக் காரணம். அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் அச்சத்துக்கு இடம் தராத தெரு அமைப்பு உள்ள ஊரைத் தேட வேண்டும்.

தெருவில் ஓடும் வாகனங்களின் எண்ணிக்கை பாதுகாப்பை மட்டுமல்லாமல் அக்கம்பக்க உறவையும் தீர்மானிக்கிறது. நகர வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் அடுத்தடுத்த மூன்று தெருக்களை ஆராய்ந்தபோது, போக்குவரத்துக் குறைந்த தெருவில் வாழ்ந்தவர்களுக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். போக்குவரத்து மிகுந்த தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, சராசரி 0.9 மட்டுமே. புதிதாகக் குடியேறும் குடும்பத்துக்கு இது சிறிய செய்தி அல்ல. ஆகவே ஊரின் பெயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், வீடும் பள்ளியும் ஒரே பெருஞ்சாலையின் ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா, கடக்க வேண்டிய இடத்தில் பாதுகாப்பான கடப்பு இருக்கிறதா, நடைபாதை பள்ளிவரை அறுபடாமல் போகிறதா என்று நடந்து பாருங்கள். வேலை நாளில் பள்ளி விடும் நேரத்தில் போய் நின்றால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். பிள்ளைகள் கூட்டமாகப் பேசிக்கொண்டு நடந்து போகிறார்களா, அல்லது ஒவ்வொருவரையும் ஒரு கார் ஏற்றிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள்.

பள்ளியைப் பொறுத்தவரை, தேர்ச்சி விகிதத்தைவிட இடம் கிடைக்குமா என்பதே முதற்கேள்வி. எந்தப் பகுதிப் பிள்ளைகளைப் பள்ளி சேர்த்துக்கொள்ளும் என்ற சேர்க்கை எல்லை எந்தத் தெருவோடு முடிகிறது, இரண்டாவது குழந்தைக்கும் அதே பள்ளியில் இடம் உண்டா, மேல்நிலை வகுப்புகள் ஊரிலேயே இருக்கின்றனவா என்று எழுத்துவழி விசாரியுங்கள். புத்தம் புதிய குடியிருப்புத் திட்டங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஒரே வயதுக் குடும்பங்கள் ஒரே நேரத்தில் குடியேறுவதால் முதல் பத்தாண்டுகளில் பள்ளிகள் பிதுங்கி வழியும், பிறகு ஒருசேரக் காலியாகும். டோக்கியோவை ஒட்டி எழுப்பப்பட்டு 1971இல் மக்கள் குடியேறத் தொடங்கிய தாமா நியூ டவுன் அப்படித்தான் ஒட்டுமொத்தமாக முதுமை அடைந்தது; அங்கே பள்ளிகள் மூடப்பட்டன. எல்லா வயதினரும் கலந்து வாழும் பழைய ஊரில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு.

எப்போது குடிபெயர்வது என்பதற்கும் ஒரு சொல். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவினர் 2016இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், வறுமை மிகுந்த பகுதியிலிருந்து வறுமை குறைந்த பகுதிக்கு 13 வயதுக்கு முன்பே குடிபெயர்ந்த பிள்ளைகள் பின்னாளில் கூடுதல் வருமானம் ஈட்டினார்கள். அந்த வயதைத் தாண்டிக் குடிபெயர்ந்தவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. உங்கள் சூழல் வேறானாலும், பதின்வயதில் நட்பு வட்டத்திலிருந்து பிடுங்கி நடுவது கடினம் என்பதை இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். மூத்த குழந்தை பள்ளியில் சேர்வதற்கு முன்பே மாறிவிடுவது நல்லது.

பணக் கணக்கைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் சிகாகோவிலுள்ள அக்கம்பக்கத் தொழில்நுட்ப மையம் (Center for Neighborhood Technology) என்ற ஆய்வு அமைப்பு, இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற அளவுகோலை வைத்திருக்கிறது. தொலைவான ஊரில் வீடு மலிவாகத் தெரியும். இரண்டாவது கார் ஒன்று தேவைப்பட்டால் அந்த மலிவு பெரும்பாலும் அதிலேயே கரைந்துவிடும். மழைநீர் தேங்கும் தாழ்வான பகுதியா, இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பவற்றையும் விசாரித்துவிடுங்கள்.

பட்டியல் இரண்டு ஊர்களாகக் குறைந்ததும், விடுப்பு எடுத்துக்கொண்டு, அங்கிருந்து காலை நெரிசலில் அலுவலகம் வரை போய், மாலையில் திரும்பிப் பாருங்கள். முடிந்தால் மழை நாளில். இருவரும் தனித்தனியே போய்வந்து பிறகு பேசுங்கள், ஏனெனில் ஒருவருக்கு எளிதாகத் தோன்றும் பயணம் மற்றவருக்கு அப்படி இருக்காது. வாங்குவதற்கு முன் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்க்க வாய்ப்பிருந்தால் அதை விடாதீர்கள். ஆனால் அந்த வாடகை வீட்டை, பின்னர் வாங்க நினைக்கும் வீடு இருக்கும் அதே பள்ளிச் சேர்க்கை எல்லைக்குள் எடுங்கள். அப்போது வீடு மாறினாலும் பிள்ளை பள்ளி மாற வேண்டியிருக்காது.