தோற்கத் தோற்க விளையாடுகிறார், பரீட்சைக்கு மட்டும் பயப்படுகிறார்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கொக்குவிலில் வசிக்கிறேன். எங்களுக்கு ஒரு மகள், முன்பள்ளிக்குப் போகிறாள். கணவர் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். குடியில்லை, சிகரெட் இல்லை, சம்பளத்தை அப்படியே என்னிடம் தருவார். அதனால்தான் நான் குறை சொன்னால், "இதெல்லாம் ஒரு கவலையா பிள்ளை?" என்று அம்மா கேட்கிறார்.

கனடாவிலிருந்து வந்த அவருடைய அண்ணா, தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் பெட்டி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். முதலில் இவர் அதில் கிரிக்கெட்டும் கால்பந்தும் விளையாடினார். இப்போது எல்டன் ரிங் என்ற சண்டை விளையாட்டு. அதில் மலேனியா என்று ஒரு பெரிய எதிரி. வாரக்கணக்காக அவளிடம் தோற்றுக்கொண்டிருக்கிறார். அவளை வெல்லாமலே கதையை முடிக்கலாமாம், அவரே சொன்னார். பிறகு ஏன் இந்தப் பாடு என்றால் பதில் இல்லை. இரவில் புட்டை அவித்து வைத்துவிட்டுக் கூப்பிட்டால், "இடையில் நிறுத்த முடியாது" என்கிறார். அவர் எழும்பி வருவதற்குள் மகள் நித்திரையாகிவிடுவாள்.

சென்ற வருடம் பதவி உயர்வுக்கான போட்டிப் பரீட்சையில் சில புள்ளிகளால் தவறினார். அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. கேட்டால் "பார்ப்போம்" என்பார். அந்த விளையாட்டில் இத்தனை தோல்வியைத் தாங்குகிறவருக்கு ஒரு பரீட்சையை இரண்டாம் தடவை எழுத மனமில்லையே என்பதுதான் என்னை வாட்டுகிறது. இது அடிமைத்தனமா? பெட்டியை ஒளித்து வைக்கவா?

ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

ஒளித்து வைக்க வேண்டாம். அப்படிச் செய்தால் உங்கள் இருவருக்கும் இடையில் பொய்தான் புகும்.

விளையாட்டுக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் ஒரு நோயாகத் தன் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது. அந்த வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எவ்வளவு நேரம் விளையாடுகிறார் என்பதை மட்டும் வைத்து அது முடிவெடுப்பதில்லை. கட்டுப்படுத்த முடியாத நிலை, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுதல், கேடு வந்த பின்னும் விடாமை ஆகிய மூன்றும் பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாவது நீடித்து, குடும்பத்தையோ தொழிலையோ பாதித்திருக்க வேண்டும். உங்கள் கணவர் வேலைக்குப் போகிறார், சம்பளத்தைக் கையில் தருகிறார், உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. எழுதியதை வைத்துப் பார்க்கையில் இதை நோய் என்று சொல்ல மாட்டேன். நித்திரை கெட்டு வேலைக்குப் பிந்திப் போவதும், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவதும், விளையாடியதை மறைத்துப் பொய் சொல்வதும் தொடங்கினால், யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு இருவருமாகப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பரீட்சை விடயத்தில் உங்கள் வேதனை எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் அந்த இரண்டு தோல்விகளும் ஒரே வகையானவை அல்ல. மலேனியாவிடம் தோற்கும்போது எதனால் தோற்றோம் என்பது அந்தக் கணமே தெரியும்: அடிக்குத் தப்ப முந்தி உருண்டுவிட்டோம், ஓரடி தள்ளி நின்றிருக்க வேண்டும். அவளுடைய ஒவ்வொரு அடியும் பட்டவுடன் அவளுக்கே உயிர் ஊறும். அதனால்தான் அவள் அவ்வளவு கடினம். ஆனாலும் சற்று நேரத்தில் மறுபடி அவள் முன்னால் போய் நிற்கலாம். தோற்றது வேறு யாருக்கும் தெரியாது. பரீட்சையில் தவறினால், பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து புள்ளிகளை மட்டும் பார்க்கலாம். எந்த விடையில் சறுக்கினோம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அடுத்த பரீட்சைக்கான வர்த்தமானி அறிவித்தல் எப்போது வரும் என்பதும் தெரியாது. ஆனால் அலுவலகத்திலும் சொந்தக்காரர் வீடுகளிலும் கோயில் வீதியிலும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் பரீட்சைப் பெறுபேறு ஒருவருடைய சொந்த விடயமாக என்றைக்கு இருந்தது?

ஆகவே அவரிடம் பொறுமை இல்லாமல் இல்லை. முயற்சிக்குப் பலன் உண்டு என்று அவருக்கு நம்பிக்கை தரும் ஓர் இடத்தில் அதைச் செலவிடுகிறார். வெல்லத் தேவையில்லாத எதிரியை அவர் தேடிப் போய் எதிர்ப்பதை நான் நல்ல அறிகுறியாகவே பார்க்கிறேன், ஏனென்றால் மனம் முற்றாக உடைந்தவர் கடினமானதைத் தேடிப் போவது அரிது. "அங்கே முடிகிறது, இங்கே முடியாதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆறாத புண்ணில் கை வைத்ததாகிவிடும்.

இரவுச் சாப்பாட்டைப் பொறுத்தவரை நான் உங்கள் பக்கம். அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்த விளையாட்டில் இடைநிறுத்தும் பொத்தான் கிடையாது, வரைபடத்தை விரித்துப் பார்க்கும்போதுகூட எதிரி வந்து வெட்டுவான். ஆனால் விளையாட்டு தானாகவே சேமித்துக்கொள்ளும். சண்டையின் நடுவில் வெளியேறினால் அந்த ஒரு சண்டைதான் வீணாகும். ஆகவே "பத்து நிமிடம் தா" என்பது நியாயம், "முடியாது" என்பது நியாயமில்லை. நீங்கள் மா குழைக்கத் தொடங்கும்போதே ஒரு குரல் கொடுங்கள். புட்டு அவிவதற்குள் அவர் முடித்துவிட்டு வரவேண்டும். மகள் கண்ணயர்வதற்குள் மூவரும் ஒன்றாகச் சாப்பிடுவதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதன் பிறகு அவர் விளையாடட்டும், நீங்களும் முகம் சுளிக்க வேண்டாம்.

ஒரு நாள் மகள் நித்திரையான பின் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருங்கள். இன்றைக்கு எதில் பிழைத்தது, நாளைக்கு என்ன மாற்றிப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். தன் தோல்வியைப் பற்றி வெட்கமில்லாமல் கதைக்க அவர் முதலில் உங்களிடம்தான் பழக வேண்டும். பரீட்சைப் பேச்சை அன்று எடுக்க வேண்டாம். அவரே எடுத்தால், எந்த வினாத்தாளில் புள்ளி குறைந்தது என்று பார்த்து, அதை மட்டும் இருவருமாகக் கடந்தகால வினாத்தாள்களை வைத்துத் தொடங்குங்கள்.